பாதை

குருமண்வெளித் துறையில்
பாதை என்றால் தெருவல்ல.
தகரமும் பலகையுமாய் மிதப்பது.
மோட்டார்சைக்கிள், நெல்மூட்டை, ஆடு, ரீச்சர்
எல்லாரையும் ஒன்றாய் நிறுத்தி
மண்டூருக்குக் கொண்டுபோகும்.

என் பையிலிருந்த படிவத்திலும் ஒரு பாதை:
'நோய் பரவிய பாதை' என்றொரு கட்டம்.
பதினேழு பிள்ளைகளுக்குச் செங்கமாரி.
நிரப்பவேண்டியவன் நான்.

பள்ளியை மூடச் சொன்னார்கள்.
இருமினாலே விலகி நின்றார்கள்.
மூச்சில் வருவது வரிசை பார்க்கும்:
அடுத்த வாங்கு, அடுத்த பாய், அடுத்த வளவு.
இது வரிசை பார்க்கவில்லை.
ஒரே பாயில் படுக்கும் இரட்டையரில்
கேதுஷாவின் கண் மஞ்சள்,
லக்சிகாவின் கண் வெள்ளை.
பிறகு மூன்று வீடு ஒன்றுமில்லை.
வயலுக்கு அப்பால் மறுபடி மஞ்சள்.

"போன மாதம் என்ன தின்ட நீங்க?"
நேற்றைச் சொல்லவே முழிக்கிற வயது.
லக்சிகாதான் சொன்னாள், முறைப்பாடு போல:
"அவளுக்கு மட்டும் ஐஸ்பழம் சேர்.
என்ட இருபது ரூபா
பாதையில இருந்து தண்ணிக்குள்ள விழுந்திற்று."

வாவி விழுங்கிய இருபது ரூபாயைப் பிடித்துக்கொண்டு
பின்னோக்கிப் போனேன்.
நாக்கிலிருந்து குச்சிக்கு,
குச்சியிலிருந்து பெட்டிக்கு,
பெட்டி தினமும் வந்த பாதையிலேறி
இக்கரை நேசராசாவின் வீட்டுக்கு.

அவர் ஓடவில்லை. கதிரை போட்டார்.
"வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்க" என்று
ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார்.
வாங்கினேன். குடிக்கவில்லை.
உள்ளே அவர் மகளும்
முகத்தைச் சுவருக்குத் திருப்பிப் படுத்திருந்தாள்.

உறைந்தால் செத்துவிடும் என்று நினைத்தாராம்.
குளிருக்கு இது சாகாது, காத்திருக்கும்.

கிணற்றடியில் நாடாவை இழுத்தேன்.
மலக்குழிக்கு இருபத்திரண்டு அடி.
ஐம்பது இருக்கவேண்டும்.
எழுவான்கரை மணல்
எதையும் பிடித்துவைக்கத் தெரியாத மணல்.

குழியின் சுவரில் திட்டத்தின் பெயர், ஆண்டு.
ஆறு வருசத்துக்கு முன் இக்கரை என் பொறுப்பு.
அன்றைக்கு மழை.
படலையடியில் குடையோடு நின்று
"ஐம்பது வருமா?" என்று கேட்டேன்.
"வரும் சேர்."
கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது
படிவம் முழங்காலில்.
'நீர்' என்று எழுதினேன்.
கட்டத்தில் அதற்குத்தான் இடமிருந்தது.

"எதால சேர் வந்ததாம்?"
பாதைக்காரன் கேட்டான்.
"பாதை..." என்று தொடங்கி
முடிக்காமல் விட்டேன்.

அவன் முகம் கறுத்தது.
வாளியால் வாவியை அள்ளி அள்ளி
தகரத்தைக் கழுவத் தொடங்கினான்,
அக்கரை வரும்வரை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் வந்தபோது
காலைத் தூக்கிக்கொடுத்தேன்.