முப்பத்தொன்று, முப்பத்திரண்டு

ஜெலுத்தோங்கில் சோபா தைக்கும் மிஸ்டர் கூய்
மிச்சத் தோலைக் கிலோ கணக்கில் விற்கிறார்.
மீன் நிறுக்கும் தராசு.
ஒன்றேகால் கிலோ, பன்னிரண்டு வெள்ளி.
மாட்டின் எந்தப் பக்கத்துத் தோல் இது என்று கேட்டேன்.
வெளிப்பக்கம் என்றார்.

பாயான் லெப்பாஸ் ஆலையில் என் வேலை
உருப்பெருக்கியின் கீழே குறை தேடுவது.
ஒரு முடியில் நூறில் ஒரு பங்கு கோணினாலும்
சிவப்புத் தட்டில் போட்டுவிடுவேன்.
அந்தக் கண்ணோடுதான் உட்கார்ந்தேன்,
இரவுப் பணியில்லாத வாரத்தில்,
சமையல் மேசையில்.

இரும்பு அடிமட்டத்தை அழுத்திக் கத்தியை இழுத்தேன்.
பாதி வழியில் கத்தி
தன் யோசனைக்குப் போயிற்று.
தோல் காகிதமில்லை.
இழுத்தால் கூடவே வருகிறது.
ஒரு மூலை தொளதொள, மறு மூலை பிடிவாதம்.
நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு,
முள்வேலி கீறியதாக இருக்கலாம்.
தடவிப் பார்த்தேன்.
நன்றாக ஆறியிருக்கிறது.
ஆறிய பிறகும் கொஞ்ச காலம்
அது எங்கோ மேய்ந்திருக்கிறது.

துளையிட அடியில் கனமாக எதாவது வேண்டும்.
சம்பல் இடிக்கும் கல்லைக் கவிழ்த்து வைத்தேன்.
நான்கு பல் உளி, ஒரு மரச்சுத்தி,
டொக். டொக். டொக்.
இரவு பதினொன்று.
கீழ்வீட்டு மக்சிக் ரொக்கியா
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார்.
காலையில் மின்தூக்கியில் கேட்டார்:
இந்நேரத்தில் யாருக்குச் சம்பல்?
எனக்குத்தான் என்றேன்.
காரமா?
இன்னும் தெரியவில்லை.

ஒரே நூல், இரு முனையிலும் ஊசி.
ஒரே துளையில்
இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று போக
அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வர,
ஒன்றையொன்று குத்தாமல் வழிவிட வேண்டும்.
ஆறாவது தையலில் ஊசி
என் பெருவிரலுக்கு வழிவிடவில்லை.
தையலின் நீளத்துக்கு நான்கு மடங்கு நூல் எடு என்று
சொல்லித்தான் இருந்தார்கள்.
எடுத்தேன், மூன்று மடங்கு.
நூல் வீணாகக் கூடாதே என்று.

ஞாயிற்றுக்கிழமை
சுங்கை பட்டாணியிலிருந்து சித்தப்பா வந்தார்.
மேசையைப் பார்த்தார்.
தேநீரைத் தள்ளி வைத்தார்.
யார் வேலைடி இது?

கேள்வியில் கப்பலேறி வந்த வாடை.
இத்தனை தலைமுறை கடல்காற்று பட்டும் போகவில்லை.
அவர் இடுப்பில் வார்,
வாசலில் அவர் செருப்பு.
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படியில்
உறுமி உறுமத் தொடங்கினால்
முதலில் கலங்குவது இவர் கண்தான்.
அது எந்தத் தோல் என்று
ஒருமுறையும் கேட்டதில்லை.

சொல்ல நிறைய வந்தது.
வாயில் நூல் முனை இருந்தது.
எடுத்துவிட்டுச் சொன்னேன்:
என் வேலைதான் சித்தப்பா,
தையல் கோணல், பாருங்க.

அவர் பார்க்கவில்லை.
தேநீர் ஆடை கட்டியது.

ஓரத்தை ஈரப்படுத்தித் தேய்த்தால்
கண்ணாடிபோல் ஆகும் என்றார்கள்.
ஒரு மெழுகுவர்த்தி தீரும்வரை தேய்த்தேன்.
பிசிறு பிசிறாகவே நின்றது.
சோபாத் தோலுக்கு அந்தக் குணமில்லையாம்,
மரப்பட்டையில் பதனிட்டதுதான் படியுமாம்.
இது தெரியவர மூன்று வாரம்.

முடித்தபின் எண்ணினேன்.
முன்பக்கம் முப்பத்திரண்டு துளை,
பின்பக்கம் முப்பத்தொன்று.
எங்கேயோ ஒன்று
இரண்டு தையலைத் தனியாகச் சுமந்திருக்கிறது.
மூன்று முறை எண்ணியும்
எது என்று பிடிபடவில்லை,
மைக்ரான் பிடிக்கும் எனக்கு.

அடையாள அட்டை வைக்கத்தான் தைத்தேன்.
தோலின் தடிமனைக் கணக்கில் சேர்க்கவில்லை.
அட்டை நுழையவில்லை.
பேருந்து அட்டையும் இல்லை.
கீழ்த்தளத் தபால் பெட்டியின் சாவி மட்டும் நுழைகிறது,
கலகலவென்று ஆடுகிறது.

இன்று பெட்டியில் மின்கட்டண ரசீது,
ஒரு பீட்சா விளம்பரம்.
சாவியை உள்ளே போட்டேன், எடுத்தேன்,
போட்டேன்.
பின்னால் மின்தூக்கி
திறந்து மூடிப் போய்விட்டது.