வகிடு

சனிக்கிழமை ரெண்டு மணிக்கு
பாளையங்கோட்டை வீட்டின் பின்வாசலில்
பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவேன்.
ஜெயசீலிக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டூட்டி.
நான் கணக்கு வாத்தியார். தடித்த விரல்கள்.
ஆறு வருஷம் ஜாம்பியாவில், சோமாவில்,
பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்திவிட்டு
ஒரு பிள்ளையின் தலையில்
நேர்கோடு போடத் தெரியாமல் ஊர் திரும்பினேன்.

முதல் வருஷம் மூன்று சீப்பு உடைத்தேன்.
தேங்காயெண்ணெயை அள்ளி வைத்தேன்,
நம்ம வைத்தியம் எல்லாத் தலைக்கும் பொது என்ற நினைப்பில்.
எண்ணெய் மேலேயே நின்றது.
முடி உள்ளே காய்ந்து கிடந்தது.
"இழுக்காதியப்பா" என்று அவள் அழ
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கடைசியில் காம்பவுண்டுச் செம்பருத்திதான் கைகொடுத்தது.
இலையை ஊறவைத்துக் கசக்கினால்
மூக்குச்சளி மாதிரி ஒரு தாளி வரும்
(உவமை அவளுடையது).
ஈரத்தோடு, தாளியோடு, கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிரித்து
நுனியில் தொடங்கி வேருக்கு ஏறவேண்டும்.
விடையிலிருந்து கேள்விக்குப் போகிற கணக்கு.

அவள் பெயர் முட்டிண்டா.
அண்ணன்மாருக்குப் பிறகு பிறக்கிற பெண்ணுக்கு
அந்தப் பக்கத்தில் வைக்கிற பெயர்.
அப்படியானால் எங்கோ அண்ணன்மார் இருக்கிறார்கள்.
பள்ளிக்கூடத்துக் கிளார்க் ரிஜிஸ்டரில்
முடிந்தா என்று எழுதினார்.
திருத்தச் சொல்லி இரண்டு முறை போனேன்.

டயரியில் சிவப்பு மை:
'தலைக்கு எண்ணெய் வைத்து
இரட்டைச் சடை மடித்துக் கட்டி அனுப்பவும்.'
கீழே எழுதினேன்:
'முப்பத்தி நாலு சடை. நாலே கால் மணி நேரம்.
சந்தேகமிருந்தால் எண்ணிப் பார்க்கவும்.'
மறுநாள் அதே சிவப்பு மை:
'முப்பத்தி மூன்று.'
ஒன்று அவிழ்ந்திருந்ததாம்.
டீச்சரே அதைத் தப்பும் தவறுமாய்ப் பின்னி
பச்சை ரிப்பன் வைத்துக் கட்டியிருந்தார்.

வண்ணார்பேட்டை பஸ்ஸில் ஒருத்தி
கேட்காமலே தொட்டுப் பார்த்தாள்.
"ஏட்டி, இது நெசமான முடியா?"
"ஒங்க கொண்ட நெசமா?" என்று இவளும் கை நீட்டினாள்.
பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.
இறங்கியதும் கேட்டாள்:
"எல்லாருக்கும் கீழ விழுது. எனக்கு எப்பப்பா விழும்?"

அன்று ராத்திரி ஸ்கேல் எடுத்தேன்.
ஒரு சுருளை நுனி பிடித்து நீட்டினோம்:
இருபத்தெட்டு சென்டிமீட்டர்.
விட்டோம்: ஆறு.
"மிச்சம் எங்க போச்சு?"
"எங்கயும் போகல. உள்ளயே வச்சிருக்கு."
யோசித்தாள்.
"அப்ப அனிஷாவுக்குத்தான் எல்லாமே வெளிய தெரிஞ்சிருது."

இடது காதுக்குப் பின்னால்
நகக்கீறல் அளவுக்கு ஒரு தழும்பு.
ஃபைலில் இல்லை.
இரண்டரை வயதுக்கு முன்னால்
யாரோ அதில் மருந்து வைத்திருக்கலாம்,
வைக்காமலும் இருந்திருக்கலாம்.
யாரோ ஒருத்தி இந்தத் தலையை மடியில் சாய்த்து
என்னைவிட வேகமாய்ப் பின்னியிருப்பாள்.
இப்போது என் வகிடெல்லாம் நேர்.
அங்கே வரும்போது மட்டும்
சீப்பின் வாலைக் கொஞ்சம் வளைத்து
சுற்றிப் போகிறேன்.

போன வாரம் எனக்கு விரலில் சுளுக்கு.
கடைசி நாலு சடையை அவளே முடிந்தாள்.
கிளார்க் விட்டது ஒரு ள் மட்டும்தான் போலிருக்கிறது.
ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி,
ஒன்று காதைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.
கண்ணாடிக்குத் தெரியாத அந்த இடத்தில்
அவள் கை தானாக வளைந்து போனது.

"ஏன் அப்பிடிச் சுத்திப் போற?"
"வழி அப்பிடித்தானப்பா."