வலை ஈயம்

மூன்றாம் நாளும் எழும்பவில்லை.
கறிச்சட்டி கழுவிய தண்ணீருக்கு முதல் ஆளாய் வருகிறவள்
மரவள்ளிக்குக் கீழே
செட்டை இரண்டையும் கழன்ற தகரம் மாதிரிச் சரித்துக்கொண்டு
கிடந்தாள்.
எச்சம் பாசிப் பச்சை.

ரீச்சர் என்பது யதுசிகா வைத்த பேர்.
கணக்குப் படிப்பிக்கிற ரீச்சரைப் போலவே நடக்கிறாளாம்.
பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காதே என்று
படித்துப் படித்துச் சொன்னேன்.
திறந்துவிட்டாள்.
இப்போது அந்த ரீச்சர் சந்தையில் கண்டாலும்
"மற்றவ எப்பிடி?" என்று கேட்கிறா.

பிஸ்கற் பெட்டிக்குள் பழைய சாரம்.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
பக்கம் மாற்றிக் கிடத்த வேணும்,
இல்லையென்றால் நெஞ்செலும்பில் புண் வைக்கும்.
ஊசி இல்லாத சிறிஞ்சால்
அலகின் ஓரத்தில், சொட்டுச் சொட்டாய்,
குளுக்கோஸ் தண்ணீர்.
அவசரப்படாமல் நான் செய்கிற ஒரே வேலை
இதுதான் என்றார் இவர்.
கறியாக்கினால் இரண்டு நேரத்துக்குக் காணும் என்றும் சொன்னார்.
சாமத்தில் பார்த்தால்
தன்னுடைய நுளம்பு வலையின் ஒரு தொங்கலை இழுத்துப்
பெட்டியை மூடிக்கொண்டிருக்கிறார்.

ஒட்டுசுட்டான் கால்நடை வைத்தியசாலையில்
எங்களுக்கு முன்னால் இரண்டு பசு, ஒரு நாம்பன்,
தொண்டையில் முள் சிக்கிய நாய்.
உரப்பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு
ரீச்சர்.
நாம்பன்காரர் சிரித்தார். பிறகு
தான் பிடித்திருந்த குடையை
எங்கள் பக்கம் சரித்தார்.

டொக்டர் கல்முனைப் பெடியன்.
"எங்க மேயுறது?"
வாய்க்கால் கரையில் என்றேன். பின்வளவில் என்றேன்.
பங்கர் மூடின பள்ளத்தில் மாரித் தண்ணி இன்னும் நிக்குது,
அதுக்குள்ள என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது.

தாரா சேற்றை வடித்துத் தின்கிறது.
கல் என்று நினைத்து விழுங்கும்.
இரைப்பைக்குள் அரைபட்டு அரைபட்டுக்
கரைந்து இரத்தத்தில் ஏறும்,
ஈயம்.

"இவர் வீச்சுவலை வீசுறவர்," என்றேன் உடனே.
"வலை ஈயமாத்தான் இருக்கும்."
என்னைப் பார்த்தான்.
வயது குறைவு; ஆனாலும் பார்க்கத் தெரிந்திருந்தது.
இருக்கலாம் அக்கா என்று
அட்டையில் அப்படியே எழுதினான்.

மருந்து வவுனியாவிலிருந்து வர வேணும்.
பஸ்காரரிடம் சொல்லிவிடலாம்.
நான் உரப்பையைத் தூக்கும்போதுதான் கேட்டான்:
"முட்டை ஆர் சாப்பிட்டது?"

வீட்டுக்கு வந்து
கூடையில் மிச்சமிருந்த ஐந்தையும்
கிடங்கு வெட்டித் தாட்டேன்.
தாட்ட பிறகுதான் யோசித்தேன்,
எதற்குள் எதைத் தாட்டேன் என்று.
யதுசிகாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குத்
தை தொடங்கி எத்தனை, கணக்கில்லை.
வயிற்றில் பிள்ளையோடிருக்கும் துளசிமலருக்கு
நானே ஆசையாய்க் கொண்டுபோய்க் கொடுத்தது நாலு.
அந்த நாலை மட்டும்
திரும்பத் திரும்ப எண்ணினேன்.
அவளுக்குக் கிளினிக் வெள்ளிக்கிழமை.
என்ன சொல்லி இரத்தம் பார்க்கச் சொல்வது?

அன்றிரவு வேலியில் காய்ந்த வலையை எடுத்து
மடியில் போட்டு
விளிம்பு முழுக்க விரலால் தடவினேன்.
குண்டு, முடிச்சு, குண்டு, முடிச்சு.
ஒரு இடமும் வெறுமையில்லை.

இவருக்குச் சொல்லவில்லை.

ஊசி போட்ட ஐந்தாம் நாள் கழுத்தை நிமிர்த்தினாள்.
எட்டாம் நாள் பெட்டியை விட்டு இறங்கி
கால் இரண்டையும்
ஆருடையதோ என்பதுபோலப் பார்த்தாள்.
யதுசிகா கை தட்டினாள்.
பிறகு நடந்தாள்,
அதே நடைதான், அச்சொட்டு,
நேரே பள்ளத்துப் பக்கம்.

தகரத்தைத் தூக்கிக்கொண்டு
நான் குறுக்கே ஓடினேன்.