பயனரை நீக்கு

யூனியன் பிளேஸ், ஆறாம் மாடி, இரவு ஒன்றரை.
பேர வாவியின் மணம் இந்தக் கண்ணாடிக்குள் வராது.

கட்டளை ஒன்றும் மனப்பாடம் வேண்டாம் என்றுதான்
இந்த மெனுவைத் தந்தார்கள்.
அம்புக்குறியைக் கீழே தள்ளு, என்டரைத் தட்டு:
பாதுகாப்பு. பயனர்கள். பயனரை நீக்கு.
மூன்று கதவு, ஒன்றுக்கும் பூட்டில்லை.

கிளை மூடியதில் பத்தொன்பது பேர்.
தாளில் எட்டெழுத்துக்குள் அடக்கிய ஐடிதான்.
கோகிலவதனி அதிலே கோகிலவ;
நிஸ்ஸங்க முழுசாக இருந்தார்.

அடியில் ஒரு கேள்வி:
வீட்டுக் கோப்புறையையும் சேர்த்து அழிக்கவா?
டேப் விசையை ஒருதரம் அமத்தினால் ஆம்.
இன்னொருதரம் அமத்தினால் இல்லை.
மூன்றாவது விடை வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.
தாளில் ஆம் என்று இருக்கிறது.

திரை மூலையில் ஓடும் மனிசன்
வேலை முடியுமட்டும் ஓடுவான்,
சரிவந்தால் கை உயர்த்துவான்,
பிழைத்தால் விழுவான்.

பதினெட்டுத் தரம் உயர்த்தினான்.
கோகிலவவில் விழுந்தான்:
பயனர் இன்னும் உள்ளே இருக்கிறார்.

இந்த நேரத்தில்?
வெள்ளவத்தையில் எந்த அறையில் விழித்திருந்து
என்னத்தைச் சேமிக்கிறாள்?

எஃப் மூன்று, வெளியேறு.
கீழே செக்யூரிற்றியிடம் பிளேன்ரீ இருக்கும்.
நாலு மணிக்கு வந்து திரும்பப் பார்க்கலாம்.