பூ வேலை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
எங்கள் அடகுக் கடைக்கு
எந்நேரமும் மாலை ஆறு மணி.
எஸ்தர் கமலபாய் குடையை மடக்கி
பைக்குள்ளிருந்த தினத்தாள் பொட்டலத்தை
மேசையில் பிரித்தார்.
கருத்துப்போன வெள்ளிக் கிண்ணம்.
மகளுக்கு நர்சிங் இரண்டாம் வருடம்,
பீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி.

நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
ஆசிட் ஒரு சொட்டு விட
வழவழப்பாய் ஓர் இடம் தேடினேன்.
தொட்ட இடமெல்லாம் எதுவோ முட்டியது:
தந்தம், நாய்வால், பனையோலைக் கொண்டை.
பின்னாலிருந்து தட்டித் தட்டி
முன்னால் எழுப்பியிருக்கிறான்.
உள்ளே பார்த்தால் யானை இல்லை,
யானை எழுந்துபோன பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் வெள்ளையாய் ஏதோ அப்பியிருந்தது.
எந்தக் கல்யாணத்துச் சந்தனமோ என்று
நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன்.
"பல்பொடியாக்கும்" என்றார்.

"வேலைக்குன்னு ஒண்ணும் கூட்ட மாட்டீங்களா?"
"உருக்கினா என்ன வருமோ அதுதான் கணக்கு அக்கா."
நான் கணினியைப் பார்த்துச் சொன்னேன்.
"மாமனாருக்க அப்பா பாலமோர் எஸ்டேட்டுல
துரைக்குக் குசினிக்காரன்.
ஏழு மாசச் சம்பளப் பாக்கிக்கு
இதக் குடுத்துட்டுக் கப்பலேறிட்டான் துரை.
அண்ணைக்கும் தூக்கித்தான் பாத்திருப்பாவ."

'வெள்ளிக் கிண்ணம் 1, பூ வேலை'
என்று தட்டினேன்.
சொம்போ சிமிழோ விளக்கோ,
எங்களுக்கு எல்லாமே பூ வேலைதான்.

"இதுல பூ எங்க இருக்கு?"

திருப்பிப் பார்த்தேன். பூ இல்லை.

"உள்ளத எழுதுங்க.
திருப்ப வரும்போ இதுதான் அதுன்னு
எனக்குத் தெரியாண்டாமா?"

எண்ணினோம்.
அவர் விரல் அந்தப் பக்கமிருந்து,
என் விரல் இந்தப் பக்கமிருந்து.
யானை ஏழு. அதில் ஒன்று திரும்பிப் பார்க்கிறது.
வேட்டைக்காரன் ஒருவன், ஈட்டி தேய்ந்துபோய்
வெறும் கையை ஓங்கி நிற்கிறான்.
நாய் இரண்டு.
"மூணு" என்றார் சங்கிலிக்கு வட்டி கட்ட வந்தவர்
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து.
"அந்தப் பொதருக்குள்ள ஒண்ணு கெடக்குல்லா."
பிறகு, எவருக்கும் சம்பந்தமில்லாமல்
பனையில் ஏறிக்கொண்டிருக்கும் ஒருவன்.

எல்லாம் அடித்தேன்.
எங்கள் மென்பொருளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.
ரசீதில் வந்தது இவ்வளவுதான்:
யானை 7 நாய் 3 வேடன் 1 பனை ஏறு

கண்ணாடி போட்டு வாசித்தார் கமலபாய்.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள்
ரசீதை நாலாய் மடித்து
பர்ஸில் வைத்தாகிவிட்டது.

"அவன் அங்கனயே நிக்கட்டு.
தை மாசம் வாறேன்,
வந்து எறக்கிக்கிடுதேன்."

கருங்கல் பஸ் ஹாரன் அடித்தது.
குடையை எங்கள் கடையிலேயே
விட்டுவிட்டு ஓடினார்.