பந்தி இல்லாத மாதம்

ஆடியில் எனக்கு வேலையில்லை.
முகூர்த்தம் கிடையாது, பந்தி கிடையாது,
என் சாம்பார் வாளி
கான்ட்ராக்டர் வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடக்கிறது.
நாயகி கேட்டுக்கொண்டே இருந்தாள்.
அந்த ஓட்டல்ல நாமளே எடுத்துப் போட்டுக்கலாமாமே,
எத்தனை தடவை வேணாலும் போகலாமாமே,
யாருமே திட்ட மாட்டாங்களாமே.
யூகேஜி மகிழினி சொன்னதாம்.

செக்காலை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி
அரை கிலோமீட்டர் என் தோளில்.
வாசலில் பலகை: பெரியவர்களுக்கு அறுநூற்றைம்பது,
ஐந்து வயதுக்குள் இலவசம்.
"அஞ்சாக இன்னும் மூணு மாசம் இருக்குங்க" என்றேன்,
எதுவும் கேட்காத கல்லாக்காரரிடம்.
"நாலே முக்கால்" என்று
தோளிலிருந்தே சாட்சி சொன்னாள்.

உள்ளே ஆத்தங்குடித் தரை.
சிவப்புப் பூவில் மட்டும்தான் கால் வைக்கணும்,
பச்சையில் வைத்தால் முதலை.
மேசையிலிருந்து நாங்கள் சோற்றைச் சேர்வதற்குள்
ஒரு குடும்பம் பாயசத்துக்கே வந்துவிட்டது.

வரிசையாக எவர்சில்வர் மூடிகள்.
ஒவ்வொன்றுக்கும் அவளைத் தூக்கிக் காட்டினேன்.
ஆவி முகத்தில் அடிக்கும், கண்ணை இறுக்கிக்கொண்டு
"அடுத்தது" என்பாள்.
காடை வறுவல். அடுத்தது.
சுக்கா. அடுத்தது.
நண்டைப் பார்த்ததும்
"தூங்குதாப்பா?"
ஆமாம் என்று சத்தமில்லாமல் மூடினேன்.

பதினேழு பதார்த்தத்தில் அவள் தட்டில் ஏறியவை
ஒரு வெள்ளைப் பணியாரம், ஓர் அப்பளம்,
குருமாவிலிருந்து பொறுக்கிய ஐந்து பட்டாணி,
விரல் விட்டு ஓட்டை போட ஒரு வெள்ளரி வட்டம்.
ஒன்றையொன்று தொடக்கூடாதாம்.
சண்டை வருமாம்.

நான் காலித் தட்டோடு நின்றேன்.
எடுக்க வரவில்லை.
இருபத்திரண்டு வருஷமாக
இலைக்கு அந்தப் பக்கம் நின்ற கை.
விரல் சோற்றை ஒதுக்குவதைப் பார்த்தே சொல்வேன்
இவருக்கு ரசம், இவர் வெட்கப்படுகிறார்,
இந்த ஆச்சி வேண்டாம் வேண்டாம் என்றால்
இன்னும் ஒரு கரண்டி என்று அர்த்தம்.
இங்கே யார் முகத்தைப் பார்த்து
எனக்கு எவ்வளவு போடுவது?

பக்கத்திலிருந்தவர் எட்டாத கும்மாயத்துக்குக் கை நீட்ட,
கரண்டி தானாக என் கைக்கு வந்தது.
அவருக்குப் போட்டேன். அவர் மனைவிக்கும்.
மூன்றாவதாக ஓர் அம்மா தட்டை நீட்டி
"தம்பி, நெய்ச்சோறு எங்கே இருக்கு?" என்றார்.
வழி சொல்லவும் செய்தேன்.

சட்டையை யாரோ இழுத்தார்கள்.
"அப்பா, நீ போய் உக்காரு.
இன்னைக்கு நான்."

சிவப்புப் பூ, சிவப்புப் பூ, ஒரு தாண்டல்.
இரண்டு கையும் பிடித்த கரண்டியில்
தயிர்சோறு வந்தது,
முதலைக்குப் போனது போக மீதி.
மறுபடி போனாள்: ஒரே ஒரு மாவடு.
மறுபடி: வெறும் கறிவேப்பிலை.
சீருடைப் பையன் ஒருவன் துணியோடு
அவள் பின்னாலேயே நடந்தான்.
துடைக்க நான் எழுந்தேன். அவன் என்னைப் பார்த்தான்.
"அண்ணே, வைகாசியில கோவிலூர் மண்டபம்,
சாம்பார் நீங்கதானே?"
"நீ?"
"தண்ணி."
சிரித்தோம். துணியை மட்டும் அவன் தரவில்லை.

"போதுமா?"
தட்டுக்கு மேலே கரண்டியைச் சாய்த்தபடி நாயகி.
நான் இந்தச் சொல்லைக் கேட்காத ஊர்
காரைக்குடியைச் சுற்றி இல்லை.
கடைசிப் பந்தி எழுந்த பிறகு
அண்டா ஓரம் நின்றுகொண்டே தின்கிறவனிடம்
யார் கேட்பார்கள்?
பதில் தெரியும். வாய்க்குத்தான் வரவில்லை.
பெரிய மனிதர்கள் மறிப்பதுபோல
தட்டுக்குக் குறுக்கே கையை வைத்தேன்.
விரலிடுக்கு வழியாகவே ஊற்றினாள்.

அறுநூற்றைம்பது ரூபாய்த் தயிர்சோறு.
பஸ்ஸில் என் மடியில் சாய்ந்தாள்,
கைக்குள் பிசுபிசுவென்று சர்க்கரைச் சோம்பு.
கண்டனூர் தாண்டும்போது
கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:
"நண்டு இப்ப எந்திரிச்சிருக்குமாப்பா?"