இரண்டு கதவு

"பின்னால ஆர் இருக்கிறது?"
எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள்.
ஸ்காபரோவிலிருந்து அண்ணன், வீடியோவில் சவரம் செய்துகொண்டே.
லீசிங் கந்தோர்ப் பிள்ளை, பாரத்தை நிரப்பியபடி, மிக மரியாதையாக.
எக்ஸ்ரே அறையில் என்னோடு நிற்கும் தமயந்தி மட்டும்
"என்ன நிறம்?" என்றாள்.
அவளுக்காக இரண்டு இரவு டியூட்டி மாறிக் கொடுத்தேன்.

கையில் இருந்தது சீட்டு எடுத்த காசு,
பத்து வருஷ ஓவர்டைம், விற்ற ஒரு சோடிக் காப்பு.
இந்தக் காசுக்கு ஊர் சிபாரிசு செய்வது
நாலு கதவு, வெள்ளை நிறம், பெற்றோலை மோந்து மட்டும் பார்க்கும் பிராணி.
திருப்பி விற்க லேசாம்.
இன்னும் வாங்கவேயில்லை நான்.

நுகேகொடையில் ஒரு செலிக்கா நின்றது.
வெள்ளி நிறம், தாழ்ந்து, நீண்டு,
மழைக்குச் சற்று முந்திய கடல்.
ஓட்டினேன். ஓட்டோமெற்றிக்.
மிதித்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகிறது,
மேசைக்கு மேசை கோப்பு நகர்வதுபோல.
இறங்கி நன்றி சொன்னேன்.

களுபோவிலையில் சிவப்பு சிவிக்.
"ஒரு டொக்டர் ஓடினது மிஸ்," என்றார் றிபாய் நானா.
இந்த நகரத்தில் விலைக்கு நிற்கும் வாகனம் எல்லாம்
ஒரு டொக்டர் ஓடினதுதான்.
டொக்டர்மார் எப்படி ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.
டோர்ச்சோடு கீழே படுத்தேன்,
இருபது வருஷமாய் உடைந்ததைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்.
முன் சேசியில், பூச்சுக்கு அடியில்,
ஒரு கை அகலத்துக்கு ஒட்டுப்போட்ட தடம்.
எலும்பு சேர்ந்த இடத்தில் திரளுமே, அந்த மேடு.
"எங்கே அடிபட்டது?"
நானா வானத்தைப் பார்த்தார். அங்கே ஒரு காகம்.
"தேத்தண்ணி குடிக்கிறீங்களா மிஸ்?"
குடித்தேன். நல்ல தேத்தண்ணி.

மூன்றாவதை நான் தேடிப் போகவில்லை.
பஞ்சிகாவத்தையில் ஸ்கூட்டிக்கு ஒரு பிரேக் கேபிள் வாங்கப் போனேன்.
லயனல் பாசின் கராஜ் மூலையில், தார்ப்பாய்க்குள்,
ஒரு ஸ்டார்லெட்.
கடுநீலம். என்னைவிடப் பத்து வயது இளையது,
முழங்கால் என்னுடையதைவிடத் தேய்ந்தது.
கைக் கியர். ஏசி பேருக்கு.
பின் வளைவில் கடற்காற்றுத் தின்ற துரு,
பூசி மறைக்காமல் அப்படியே.
"இது பொய் சொல்லாது," என்றார் சிங்களத்தில்,
திறப்பை எண்ணெய்க் கையால் துடைத்துத் தந்து.

ஒருகொடவத்தைப் பக்கம் ஒரு சுற்று.
இரண்டாம் கியரில் முள் நாலாயிரத்தைத் தாண்டியபோது
அது தொண்டையைத் திறந்தது.
வளைவில், என் இடுப்புக்குக் கீழேதான் தெரு கிடந்தது,
ஒவ்வொரு கல்லும் தன்னைச் சொல்லிக்கொண்டு போனது.
நாற்பத்தொரு வயதில் ஒருத்தி தனியே சிரித்தால்
கொழும்பில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
பின்னால் வந்த பஸ் மட்டும் ஹோர்ன் அடித்தது,
அது எல்லாருக்கும் அடிக்கும்.

துருவுக்காக இரண்டு இலட்சம் குறைத்தார்.
நான் சாரியோடு கீழே படுத்ததற்காக இன்னும் ஐம்பதாயிரம்.

காலி வீதியில் பகலில் இதுவும் மாட்டுவண்டிதான், தெரியும்.
ஆனால் விடிய ஐந்தேகாலுக்கு
மரைன் டிரைவ் வெறுமையாய்க் கிடக்கும்,
ஒரு பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் அலை,
மூன்றாம் கியர், கண்ணாடி முழுக்க இறக்கி.
மொத்தம் நாலு நிமிஷம்.
அந்த நாலு நிமிஷத்துக்குத்தான் மாதத் தவணை.

புக்கைப் பார்த்தேன், சேசி நம்பரைப் பார்த்தேன்,
ரயர் செய்த வருஷத்தைக்கூடப் பார்த்தேன்.
பார்க்காதது ஒன்று:
இரண்டே கதவென்றால் கதவு நீளம்.
வெள்ளவத்தை பிளட்டில் என் தரிப்பிடம்
ஒரு தூணுக்கும் நிர்மலநாதனின் வானுக்கும் நடுவே.
எந்தப் பக்கமும் ஒரு சாணுக்குமேல் திறக்காது.
ஆகவே இரவில் டிக்கி லீவரை இழுத்துவிட்டு,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு,
சீற்றுகளின் இடையால் பின்னுக்கு ஊர்ந்து
டிக்கியால் இறங்குகிறேன்.

பின்னால ஆர் எண்டு கேட்டாயே அண்ணா,
நான்தான்.

காவலாளி குணபால முதல் வாரம்
மறுபக்கம் திரும்பி நின்றார்.
இப்போது வந்து டிக்கியைத் தூக்கிப் பிடிக்கிறார்,
"பார்த்து மிஸ், தலை."